வெடியறைக் குறைகளைக் கண்டறிதல்: ஊவா மலைநாட்டை முன்னிறுத்திய ஓர் ஆய்வு

முன்னுரை

துப்பாக்கிக் குழலின் பின்முனையில் ரவை அமர்வதற்காகக் குடையப்படும் பகுதி வெடியறை எனப்படும். குழலின் மொத்த நீளத்தில் இரண்டு மூன்று அங்குலமே கொண்ட இப்பகுதியில்தான் வெடிமருந்தின் அழுத்தம் உச்சத்தை எட்டுகிறது. ரவையின் மெல்லிய பித்தளைக் கோது பிளவுபடாமல் அவ்வழுத்தத்தைத் தாங்குவதும், சன்னம் குழலின் அச்சுக்கு நேராக நுழைவதும், சுட்ட பின்னர் வெற்றுக் கோது தடையின்றி வெளியேறுவதும் இந்தக் குடைவின் அளவையும் நேர்மையையும் பொறுத்தே அமைகின்றன. தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் உருவாகும் குழல்களின் அளவுகள் கேஜ்களாலும் சோதனைச் சூட்டாலும் தொடர்ந்து கண்காணிக்கப்படுகின்றன. ஒருவருடைய தேவைக்கென ஒற்றையாகச் செய்யப்படும் குழலில் அந்தக் கண்காணிப்பு முழுவதும் அதனைக் கடையும் ஒருவருடைய கையையும் கண்ணையுமே சார்ந்திருப்பதால், அங்கு நேரும் பிழை வேறெவராலும் பார்க்கப்படாமலே வெடிமேடைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது.

சுட்ட கோதில் ஒரு கீறலோ வீக்கமோ தென்படும்போது, அது அறையைக் கடைந்ததில் நேர்ந்த பிழையா, ரவையின் குறையா, துருவின் விளைவா, அல்லது வேண்டுமென்றே அவ்வாறு வகுக்கப்பட்ட அளவா என்பதை எவ்வாறு பிரித்தறிவது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் வினாவாகும். ஓர் அடையாளத்தைக் கொண்டு ஒரு காரணத்தைத் தீர்மானிக்க இயலாது என்பதும், ஒன்றையொன்று சாராத சாட்சியங்கள் ஒரே காரணத்தைச் சுட்டும்வரை குழலின்மீது வெட்டுக்கருவி வைக்கப்படலாகாது என்பதும் இங்கு நிறுவப்படும் கருத்துகளாகும். குடைந்தெடுத்த உலோகத்தை மீண்டும் சேர்க்க முடியாது. ஆதலால் தவறான நோயறிதல் சிறு குறையைப் பெருங்குறையாக்கிவிடும்.

ஊவாவில் குழலின் வரலாறு

பதுளையும் அதனைச் சூழ்ந்த தோட்டப் பகுதிகளும் துப்பாக்கி வரலாற்றில் தனியிடம் பெற்றவை. கண்டி இராச்சியக் காலத்துச் சிங்களக் கம்மாளர்கள் செய்த துவக்குகள், சுடுபொறி குழலின் இடப்பக்கத்தில் அமைந்திருந்தமையால், ஐரோப்பியத் துவக்குகளிலிருந்து எளிதில் வேறுபடுத்தி அறியப்படுகின்றன. ஆங்கிலேயர் ஆட்சியில் பதுளையில் பதவி வகித்த மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் எனப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிவுகள் கூறுகின்றன. அவர் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். பதுளையிலுள்ள புனித மாற்கு தேவாலயம் அவருடைய நினைவாக எழுப்பப்பட்டது. மலைநாட்டு வனவிலங்குகளுக்கு அந்த வேட்டைமரபு இழைத்த அழிவு பெரிது. எனினும், குழல் செய்யும் கலை எத்தகைய தேவைகளால் உந்தப்பட்டது என்பதை அறிவதற்கு அக்காலத்துத் துப்பாக்கிகளை நோக்காமல் இருக்க இயலாது.

1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் குடியிருந்து ஊவாவின் தாழ்நிலங்கள்வரை வேட்டையாடிய சாமுவேல் பேக்கர், தம் விருப்பப்படி அளவு குறித்துச் செய்வித்த துப்பாக்கியைப் பற்றி எழுதியுள்ளார். பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பவர் 1840இல் செய்து கொடுத்த அத்துப்பாக்கி 21 இறாத்தல் எடையும் 36 அங்குலக் குழலும் கொண்டது. அதற்கு 16 டிராம், அதாவது ஓர் அவுன்ஸ் கருமருந்து இடப்பட்டது. தனியொருவருக்கெனச் செய்யப்படும் துப்பாக்கியின் இயல்பு இதில் தெளிவாகத் தெரிகிறது: அளவுகளை வகுப்பவர் பயன்படுத்துபவர், அவற்றை உலோகத்தில் நிறைவேற்றுபவர் கைவினைஞர், இருவருக்குமிடையே பொதுத்தரம் என எதுவும் நிற்பதில்லை.

ரோஜர்ஸும் பேக்கரும் கையாண்டவை முன்வாய் வழியே மருந்தும் குண்டும் திணிக்கப்பட்ட துப்பாக்கிகள். அவற்றில் தனியான வெடியறை இல்லை. குழலின் பின்முனையைத் திருகாணி ஒன்று அடைத்திருந்தது. கோதில் அடைத்த ரவையைப் பின்புறமாக நுழைக்கும் முறை பிரித்தானியப் படையில் 1866இல் ஸ்னைடர் துப்பாக்கியோடும் 1871இல் மார்ட்டினி–ஹென்றியோடும் வந்த பின்னரே, அறையின் அளவு ஒரு தனிச்சிக்கலாக உருவெடுத்தது. 1900இல் தோற்றுவிக்கப்பட்ட இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை, மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து ஐரோப்பியரைத் திரட்டிப் போவர் போருக்கும், பின்னர் முதல் உலகப் போரின்போது எகிப்துக்கும் கலிப்பொலிக்கும் அனுப்பி, 1949இல் கலைக்கப்பட்டது. அதே 1900இல் போவர் போர்க்கைதிகளுக்கான முகாமாக அமைந்த தியத்தலாவை, அன்று முதல் படைப்பயிற்சிக்கும் குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்கும் உரிய ஊராக நிலைபெற்று, இன்று இலங்கை இராணுவக் கல்லூரியைக் கொண்டுள்ளது. இத்தகைய வெடிமேடைகளில் சிதறிக் கிடக்கும் பித்தளைக் கோதுகளே, பின்னர் விளக்கப்படுவதுபோல், வெடியறையைப் பற்றிய முதன்மைச் சாட்சியங்களாகும்.

அறையின் அமைப்பும் அளவுகளும்

வெடியறை நேரான குழாய் அன்று. பின்புறத்திலிருந்து முன்நோக்கிச் செல்லுகையில், முதலில் சற்றே ஒடுங்கிச் செல்லும் உடற்பகுதியும், அதனையடுத்துச் சாய்வான தோளும், கோதின் வாய் சன்னத்தைப் பற்றியிருக்கும் கழுத்தும், சன்னம் குழலின் சுருள்வரிகளைத் தொடும் முன்னர்க் கடக்கும் தொண்டையும் வரிசையாக அமைகின்றன. இவை அனைத்தும் ஒரே அச்சில் இருக்க வேண்டும். அந்த அச்சு குழலின் துளையினுடைய அச்சோடு பொருந்தவும் வேண்டும்.

இவற்றுள் அதிகம் பேசப்படும் அளவு தலை இடைவெளியாகும். ரவை முன்னே நகராமல் தடுக்கும் இடத்துக்கும் அறையின் பின்வாயை அடைத்துப் பூட்டிய போல்ட்டின் முகத்துக்கும் இடைப்பட்ட தூரத்தை இச்சொல் குறிக்கிறது. இலங்கையில் நீண்டகாலம் புழக்கத்திலிருந்த .303 லீ–என்பீல்ட் துப்பாக்கியின் ரவையைக் கோதின் விளிம்பே நிறுத்துவதால், அதற்குரிய படைத்தர இடைவெளி 0.064 அங்குலம் முதல் 0.074 அங்குலம் வரை வகுக்கப்பட்டது. விளிம்பு துருத்தாத .308 போன்ற ரவைகளைத் தோள் நிறுத்துகிறது, அவற்றுக்கு 1.630 அங்குலக் கேஜின்மீது போல்ட் பூட்ட வேண்டும், 1.634 அங்குலக் கேஜின்மீது பூட்டலாகாது என்பது வழக்கிலுள்ள விதி. இவ்விரண்டுக்குமிடையே உள்ள வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு மட்டுமே என்பது இத்தொழிலின் நுண்மையை உணர்த்தும்.

இந்நுண்மைக்கான காரணம் பித்தளையின் நடத்தையில் உள்ளது. வெடிப்பின்போது கோதின் மெல்லிய முன்பகுதி விரிந்து அறைச்சுவரைப் பற்றிக்கொள்ளுகிறது. தடித்த அடிப்பகுதியோ விரியாமல் போல்ட்டின் முகத்தை நோக்கிப் பின்னே தள்ளப்படுகிறது. இடைவெளி மிகுந்தால், பற்றிய பகுதிக்கும் தள்ளப்பட்ட பகுதிக்கும் இடையில் பித்தளை இழுபட்டு மெலிந்து, இறுதியில் வளையமாக அறுந்துபோகிறது. அவ்வாறு அறுபடும்போது ஐரோப்பியச் சோதனை ஆணையம் .303 ரவைக்கு வகுத்துள்ள 3,650 பார் என்னும் உச்சவரம்பை ஒட்டிய அழுத்தமுள்ள வாயு, சுடுபவரின் முகத்துக்கு அருகிலேயே பின்னோக்கிப் பாயக்கூடும்.

கடைசலில் குறைகள் தோன்றும் முறை

தனிக்குழலின் அறை பெரும்பாலும் லேத் இயந்திரத்தில் குடையப்படுகிறது. குழல் சுழல, அறையின் வடிவத்தையே தன் வெட்டு விளிம்பாகக் கொண்ட ரீமர் என்னும் கருவி சுழலாமல் நின்று மெல்ல முன்னே செலுத்தப்படுகிறது. ரீமரின் நுனியிலுள்ள வழிகாட்டி குழலின் துளைக்குள் பொருந்தி அதனை நெறிப்படுத்துகிறது. இந்த ஏற்பாட்டிலிருந்தே நான்கு வகைக் குறைகள் பிறக்கின்றன.

முதலாவது வகை, குழலைப் பிடித்த விதத்தில் பிறப்பது. குழலின் வெளிப்புறம் ஓட்டமின்றிச் சுழன்றாலும் உட்துளை அவ்வாறு சுழலும் என்பதற்கு உறுதியில்லை. ஆழமாகத் துளையிடப்பட்ட எந்தக் குழலிலும் துளை சிறிதேனும் வளைந்திருப்பதே இயல்பு. ஆகவே நான்கு தாடைச் சக்கில் குழலைப் பிடித்து, நீண்ட முனையுள்ள டயல் கேஜை அறையின் தொண்டை அமையப்போகும் இடத்திலேயே துளையினுள் தொட வைத்து, அவ்விடம் நடுக்கமின்றிச் சுழலும்வரை தாடைகள் திருத்தப்படுகின்றன. இப்படியை விட்டுவிட்டு வெளிப்புறத்தை மட்டும் சரிபார்த்தால், அறையின் அச்சு துளையின் அச்சிலிருந்து விலகி, சன்னம் சுருள்வரிகளுள் சாய்வாக நுழைகிறது. தேயிலை ஆலைகளின் பட்டறையில் ரோலர் இயந்திரத்தின் தாங்கிகளுக்கு உறை கடையும் ஃபிட்டர்கள் அறிந்த விதியும் இதுவே: வெளிவட்டத்தைப் பார்த்து உள்வட்டத்தை நம்புதல் கூடாது.

இரண்டாவது வகை, ரீமரைத் தாங்கும் பின்தாங்கி லேத்தின் அச்சிலிருந்து விலகியிருப்பதால் பிறப்பது. இங்கு கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. சுழல்வது குழலே ஆதலால், விலகி நிற்கும் ரீமர் நீள்வட்டக் குடைவை உண்டாக்குவதில்லை. அளவில் பெரிய, ஆனால் சரியான வட்டத்தையே உண்டாக்குகிறது. வழிகாட்டி நுனியை மையத்தில் பிடித்திருக்கையில் பின்பகுதி மட்டும் விலகி நிற்பதால், அறையின் வாய் மணியின் வாய்போல் அகன்று, முன்பகுதி சரியான அளவிலேயே நிற்கிறது. இதனால் தலை இடைவெளிக் கேஜ் எந்தக் குறையையும் காட்டாது. வட்டமாக இருக்கும் அறை சரியான அறை என்னும் தவறான முடிவுக்குப் பலரை இக்குறையே இட்டுச்செல்கிறது. ரீமரைச் சிறிது அசையவிட்டுத் துளையின் அச்சைத் தானே தேடிக்கொள்ளச் செய்யும் மிதவைப் பிடிகள் உருவானதற்கும் இக்குறையே காரணம்.

மூன்றாவது வகை, வெட்டும்போது நிகழும் அதிர்விலும் துருவலிலும் பிறப்பது. ரீமரின் பற்கள் சீரான இடைவெளியில் அமைந்து, வேகமும் அழுத்தமும் பொருந்தாமற்போனால், கருவி துள்ளித்துள்ளி வெட்டி அறைச்சுவரில் சம இடைவெளியுள்ள பட்டைகளை விட்டுச்செல்லுகிறது. வெட்டெண்ணெய் குறைந்து உலோகத் துருவல் பற்களிடையே அடைபட்டால், அது சுவரில் ஆழமான வளையக் கீறலை உண்டாக்குகிறது. இக்கீறலுக்குள் வெடிப்பின்போது பித்தளை விரிந்து புகுந்து, பின்னர்க் கோது வெளியேறுவதற்குத் தடையாகிறது.

நான்காவது வகை, ஆழத்தில் நேரும் பிழை. இறுதிச் சில ஆயிரத்திலொரு அங்குலங்களை அளந்தளந்து வெட்டாமல் ஒரே ஓட்டத்தில் செலுத்தினாலோ, துருவலோ எண்ணெயோ படிந்த நிலையில் கேஜை வைத்துப் பார்த்தாலோ தலை இடைவெளி பிழைபடுகிறது. கேஜின் அடியில் சிக்கும் சிறு துருவல் அறை இன்னும் ஆழமாக வேண்டும் எனப் பொய்யாகக் காட்டும். அதனை நம்பி மேலும் வெட்டப்பட்ட குழல் அளவு மீறியதாகிவிடும்.

கோது தரும் சாட்சியம்

சுட்ட கோது, அறையின் உட்புற வடிவத்தைத் தன்மேல் பதித்துக்கொண்டு வெளிவரும் வார்ப்பாகும். அழுத்தம் தணிந்ததும் பித்தளை ஏறத்தாழ ஆயிரத்திலோர் அங்குலம் சுருங்கிக்கொள்ளும் என்பதைக் கருத்திற்கொண்டால், அதனை அளந்து அறையின் அளவை நெருக்கமாக ஊகிக்கலாம். இதற்காகச் சுடப்பட்ட கோதுகள் வரிசைமாறாமல் சேமிக்கப்படுவதும், சுடுவதற்கு முன்னர் அவற்றின் அளவுகள் குறித்துவைக்கப்படுவதும் இன்றியமையாதவை. சுடுமுன் அளவு தெரியாத கோது பாதிச் சாட்சியமே.

அடியிலிருந்து 0.200 அங்குல உயரத்தில் கோதின் விட்டத்தை மைக்ரோமீட்டரால் அளப்பது முதற்படி. அவ்விடம் அளவுக்கு மீறி விரிந்தும் தோளையொட்டிய இடம் இயல்பாகவும் இருந்தால், வாய் அகன்ற அறை ஐயத்துக்குரியதாகிறது. கோது முழுவதும் சீராக விரிந்திருந்தால், ரீமர் பொதுவாகவே பெரிதாக வெட்டியிருக்கலாம், அல்லது ரவையின் அழுத்தம் மிகுந்திருக்கலாம்.

ஒருபக்க வீக்கத்தை ஆராய்வதற்கு எளிமையும் வலிமையும் வாய்ந்த முறை ஒன்றுண்டு. ரவையை அறையில் இடுமுன் அதன் அடியில் மேல்நோக்கிய பக்கத்தைப் பேனாவால் குறித்துச் சுட வேண்டும். அடுத்தடுத்த ரவைகளைக் கால்வட்டம், அரைவட்டம், முக்கால்வட்டம் எனத் திருப்பி இட்டுச் சுட வேண்டும். வீக்கம் எப்போதும் அறையின் ஒரே பக்கத்தில் தோன்றினால் காரணம் அறையிலோ போல்ட்டிலோ உள்ளது. கோதின் குறித்த பக்கத்தையே தொடர்ந்து வந்தால், ஒருபக்கம் மெலிந்த பித்தளைச் சுவரே காரணமாகும். அறையின் குறை, கோதின் குறை என்னும் இரண்டையும் ஒரே சோதனை பிரித்துக் காட்டுவதால் இதன் மதிப்பு மிகுதி.

கோதின் மேற்பரப்பில் படியும் கோடுகளும் பேசக்கூடியவை. ஒவ்வொரு கோதிலும் அடியிலிருந்து ஒரே உயரத்தில் சுற்றிலும் தடித்த வளையம் தோன்றினால், துருவல் கிழித்த கீறலை அது குறிக்கும். சம இடைவெளியில் பட்டைகள் தோன்றினால் அதிர்வின் தடம் அறியப்படும். நீளவாக்கில் ஓடும் கீறலோ, ரவை நுழையும்போது அறைவாயிலுள்ள பிசிறால் ஏற்பட்டதா, வெளியேறும்போது ஏற்பட்டதா என்பதை உடனே சொல்லாது. சுடாத போலி ரவை ஒன்றை உள்ளிட்டு வெளியே எடுத்துப் பார்த்தால் அவ்வினாவுக்கு விடை கிடைக்கும்.

அடியருகே ஒளிரும் மெல்லிய வளையம் தென்பட்டால், நுனி வளைந்த கம்பியைக் கோதினுள் செலுத்தி உட்சுவரைத் தடவிப் பார்க்க வேண்டும். கம்பி ஒரு பள்ளத்தில் இடறினால் பித்தளை அறுபடத் தொடங்கிவிட்டது எனப் பொருள். அந்நிலையில் சூட்டை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

அளவிடும் கருவிகளும் அவற்றின் எல்லைகளும்

கோது தந்த ஐயத்தை உறுதிப்படுத்துவது அறையை நேரடியாக அளப்பதாகும். ஒவ்வொரு கருவியும் ஒரு வினாவுக்கு மட்டுமே விடை கூறும் என்பதை மறந்தால், சரியான கருவியும் தவறான முடிவைத் தந்துவிடும்.

தலை இடைவெளிக் கேஜ், போல்ட்டின் உள்விசைகளும் கோதை இழுக்கும் கொக்கியும் அகற்றப்பட்ட பின்னர், சுத்தமான அறையில், விரலின் மென்மையான அழுத்தத்தோடு பயன்படுத்தப்பட வேண்டும். நெம்பிப் பூட்டினால் அளவு பொய்யாகும். அது காட்டும் இடைவெளி அறை ஒன்றின் விளைவு அன்று. போல்ட், அதன் பூட்டுக் காதுகள், அவை பொருந்தும் உடற்பகுதி ஆகிய அனைத்தின் கூட்டு விளைவாகும். நான்காம் இலக்க லீ–என்பீல்டின் போல்ட் தலைகள் 0 முதல் 3 வரை எண்ணிடப்பட்டு வெவ்வேறு நீளங்களில் செய்யப்பட்டமையே, தேய்மானத்தால் பெருகிய இடைவெளியைக் குழலைத் தொடாமலே சரிசெய்ய முடியும் என்பதற்குச் சான்றாகும்.

அறையின் முழு வடிவையும் காண்பதற்கு வார்ப்பு எடுக்கப்படுகிறது. முற்காலத்தில் உருக்கிய கந்தகம் பயன்பட்டது. இன்று பிஸ்மத்தை முதன்மையாகக் கொண்டு, 71 முதல் 88 பாகை செல்சியசுக்குள் உருகும் செரோசேஃப் என்னும் கலப்புலோகம் பயன்படுகிறது. இது உறைந்ததும் முதலில் சுருங்கி, பின்னர் மெல்ல விரிந்து, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அறையின் உண்மை அளவை அடைகிறது. அதன் பின்னும் விரிவதால், அளக்கும் நேரம் குறிக்கப்படாத வார்ப்பு சாட்சியமாகாது. இதில் ஈயமும் கட்மியமும் கலந்திருப்பதால் காற்றோட்டமுள்ள இடத்திலேயே உருக்கப்பட வேண்டும். ஒருபக்கமாக விலகிய தொண்டையையும், சுருள்வரிகள் ஒருபுறம் முன்னதாகவும் மறுபுறம் பின்னதாகவும் தொடங்குவதையும் வார்ப்பு ஒன்றே அளவோடு காட்டக்கூடியது.

குழலினுள் செலுத்திப் பார்க்கும் போர்ஸ்கோப் நிறத்தையும் தடத்தையும் காட்டும், ஆழத்தை அளக்காது. பெரிதாக்கிக் காட்டுவதால், தீங்கற்ற மெல்லிய கருவித்தடத்தையும் பெரும் பிளவாக எண்ணவைப்பது அதன் இயல்பு. ஆகவே கோதில் பதியாத எந்தத் தடத்தையும் போர்ஸ்கோப்பில் கண்டதாலேயே குறையென முடிவு செய்தல் பொருந்தாது.

குறைபோல் தோன்றுவன

நோயறிதலில் மிகுந்த பிழைகள் நேர்வது, வேறொன்றின் விளைவை அறையின்மீது ஏற்றும்போதுதான். இதற்கு வரலாற்றிலேயே பெரும் எடுத்துக்காட்டு உண்டு. 1885இல் சூடானில் நடந்த போரில் மார்ட்டினி–ஹென்றித் துப்பாக்கிகளின் அறைகளில் கோதுகள் சிக்கி வெளிவர மறுத்தபோது, துப்பாக்கியே பழிக்கப்பட்டது. மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்த கோது, சூடேறி மணல் படிந்த அறையில் கிழிந்து சிக்கியதே அதில் பெரும்பங்கு வகித்தது. பின்னர் ஒரே துண்டாக இழுத்துச் செய்த பித்தளைக் கோதுகள் வழக்கத்துக்கு வந்தன.

.303 துப்பாக்கியில் கோது அடியருகே அறுபடுவதும் இவ்வாறே தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. சேறும் தூசியும் நிறைந்த போர்க்களத்தில் எந்த ரவையும் தடையின்றி நுழைய வேண்டும் என்பதற்காக, அதன் அறை வேண்டுமென்றே தாராளமாக வகுக்கப்பட்டது. ஒருமுறை சுட்டு எறியப்படும் கோதுக்கு அதனால் தீங்கில்லை. அதே கோதை மீண்டும் மீண்டும் பழைய அளவுக்கு அமுக்கி மருந்திட்டுப் பயன்படுத்தினால், ஒவ்வொரு சூட்டிலும் தோள் முன்னே தள்ளப்பட்டு, அடியருகே பித்தளை மெலிகிறது. இங்கு திருத்தப்பட வேண்டியது அறை அன்று. கோதின் கழுத்தை மட்டும் அளவாக்கி உடலைத் தொடாமல் விடும் மறுநிரப்பு முறையே தீர்வாகும்.

தனிக்குழல்களில் இதற்கு நேர்மாறான மயக்கம் ஏற்படுகிறது. போட்டியாளர்களின் வேண்டுகோளுக்கிணங்கக் கழுத்துப் பகுதி மிக ஒடுக்கமாகக் குடையப்படுவதுண்டு. அத்தகைய அறைக்குக் கோதின் கழுத்தைக் கடைந்து மெலிதாக்கிய பின்னரே ரவை செய்யப்பட வேண்டும். கடையாத கோதை அதில் இட்டால், சன்னத்தை விடுவிக்கக் கழுத்து விரிய இடமின்றி அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயர்கிறது. இது பொருத்தமற்ற ரவையின் விளைவேயன்றிக் கடைசலின் பிழை அன்று. எனவே தனிக்குழலை ஆராய்பவர் கேட்டுப் பெற வேண்டிய முதல் ஆவணம், அறையைக் குடைந்த ரீமரின் அளவு வரைபடமாகும். அது இல்லாமல் குறை என்னும் சொல்லுக்கே பொருளில்லை. எந்த அளவிலிருந்து விலகியது என்பது தெரிந்தால்தான் விலகலை அறிய முடியும்.

ஊவாவின் காலநிலை மற்றொரு மயக்கத்தைத் தோற்றுவிக்கிறது. வடகீழ்ப் பருவமழைக் காலத்து ஈரமும் மலைச்சரிவின் மூடுபனியும் உருக்கைத் துருவேற்றுவதில் வல்லவை. பழைய .303 ரவைகளில் மருந்தைப் பற்றவைக்கும் கேப்புகளில் பொட்டாசியம் குளோரேற்று இருந்தமையால், சுட்ட பின்னர் அறையில் தங்கும் பொட்டாசியம் குளோரைட்டு என்னும் உப்பு காற்றின் ஈரத்தை ஈர்த்து, நீரால் கழுவாத குழலை விரைவில் அரித்துவிடும். அரிப்பின் குழிகள் ஒழுங்கற்றுச் சிதறிக் கிடக்கும். கருவியின் தடங்களோ சுற்றுவட்டத்தையோ சம இடைவெளியையோ பின்பற்றும். தொண்டையில் வெடிவாயுவின் வெப்பத்தால் நேரும் தேய்வு, கோடையில் வற்றிய குளத்தின் சேற்று வெடிப்புகளை ஒத்த வலைப்பின்னலாகத் தோன்றும். இம்மூன்றின் ஒழுங்கையும் ஒழுங்கின்மையையும் கண்டு பிரிப்பதே ஆய்வாளருடைய கண்ணுக்குரிய பயிற்சியாகும்.

இலக்கில் சன்னங்கள் சிதறுவதையும் அறையின் குறைக்கு நேரடிச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. குழலின் முன்வாய் சிதைவு, மரக்கட்டையில் குழல் அமர்ந்த விதம், குறிநோக்கியின் தளர்வு, சுடுபவரின் மூச்சு ஆகிய அனைத்தும் அதே சிதறலைத் தரக்கூடியன. அவை ஒவ்வொன்றாக விலக்கப்பட்ட பின்னரே அறையை நோக்கிக் கேள்வி திரும்ப வேண்டும்.

தீர்வுகளும் பொறுப்பும்

குறை உறுதியானால் செய்யத்தக்கவை சிலவே. மேலோட்டமான பிசிறையும் சொரசொரப்பையும் மெருகேற்றி நீக்கலாம். ஆயினும் மெருகேற்றல் அறையைப் பெரிதாக்குமேயன்றிச் சிறிதாக்காது. மற்றக் குறைகளுக்கெல்லாம் குழலின் பின்முனையை வெட்டிக் குறைத்து, அறையை முன்னோக்கி மீண்டும் குடைவதே வழி. இதற்கு எவ்வளவு நீளம் வெட்ட வேண்டும் என்பதை அறையின் ஒடுக்கமே தீர்மானிக்கிறது. .308 ரவையின் உடல் ஓர் அங்குல நீளத்துக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் 12 அங்குலமே ஒடுங்குகிறது. ஆகவே வாயில் ஆயிரத்தில் 2 அங்குலம் மிகுந்துவிட்ட அறையைச் சரிசெய்யக் குழலை ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் பின்வெட்ட வேண்டும். தலையிடைவெளிப் பிழையை மட்டும் நீக்குவதற்கு இதனினும் மிகக் குறைவான வெட்டு போதும். இரண்டையும் குழப்பிக்கொண்டு சிறிதளவே வெட்டிய குழலில், இடைவெளி சரியாகி வாயின் அகற்சி அப்படியே எஞ்சிவிடும். பிழையின் வகையை அறியாமல் வெட்டின் அளவை நிர்ணயிக்க முடியாது என்பதற்கு இக்கணக்கே போதிய சான்று.

குழலின் பாதுகாப்பைத் தனியொருவரின் நேர்மைக்கு மட்டும் விட்டுவிடாமல் பொது நிறுவனத்திடம் ஒப்படைக்கும் மரபு பழையது. 1637இல் பட்டயம் பெற்ற லண்டன் துப்பாக்கியாளர் சங்கமும் 1813இல் நிறுவப்பட்ட பர்மிங்காம் சோதனையகமும், இயல்பை மிஞ்சிய மருந்திட்டுச் சுட்டுத் தேறிய குழல்களில் முத்திரை பதித்தன. இந்தியாவில் இச்சாப்பூர்த் துப்பாக்கித் தொழிற்சாலையும், 1966இல் தொடங்கிய திருச்சிராப்பள்ளித் தொழிற்சாலையும் தம் ஆயுதங்களை அளவுக் கேஜ்களுக்கும் சோதனைச் சூட்டுக்கும் உட்படுத்துகின்றன. சோதனைச் சூடு குழல் வெடிக்காது என்பதை மட்டுமே உறுதிசெய்கிறது என்பதும், அச்சு விலகலையோ வளையக் கீறலையோ அது காட்டித் தராது என்பதும் நினைவில் வைக்கத்தக்கவை.

இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் துப்பாக்கியை வைத்திருப்பதையும் செய்வதையும் உரிமத்துக்கு உட்படுத்துகிறது. ஊவாவின் தோட்டப்புறங்களிலும் மொனராகலைக் காட்டோரங்களிலும் காட்டுப்பன்றிக்காக வைக்கப்படும் கட்டுத்துவக்குகள் இச்சட்டத்துக்கும் எந்த அளவுமுறைக்கும் புறம்பானவை. அளக்கப்படாத குழாயும் சோதிக்கப்படாத பின்னடைப்பும் கொண்ட அவை, விறகுக்கும் வயலுக்கும் செல்லும் ஏழைகளின் கால்களைச் சிதைத்து வருகின்றன. அளவு என்பது செல்வந்தரின் போட்டித் துப்பாக்கிக்கு மட்டுமே உரிய நுணுக்கம் அன்று, உயிரைக் காக்கும் வேலி என்பதை அந்தக் காயங்கள் ஐயமற உணர்த்துகின்றன.

முடிவுரை

வெடியறைக் குறையைக் கண்டறியும் கலை, சாட்சியங்களை அவை அழிந்துபோகாத வரிசையில் கேட்கும் கலையாகும். முதலில் சூட்டை நிறுத்திக் கோதுகளைப் பாதுகாத்தல், அடுத்து வேறு தொகுதி ரவைகளாலும் திருப்பி இடும் சோதனையாலும் ரவையின் பங்கைப் பிரித்தல், பின்னர் அறையைக் கழுவி நோக்குதல், அதன்பின் கேஜாலும் வார்ப்பாலும் அளத்தல், இறுதியில் அவ்வளவுகளை ரீமரின் வரைபடத்தோடு ஒப்பிடுதல் என்னும் ஒழுங்கில் ஒவ்வொரு படியும் அடுத்த படிக்குரிய வினாவைக் கூர்மையாக்குகிறது. உலோகத்தை அகற்றும் எந்தச் செயலும் இவ்வரிசையின் கடைசியிலேயே இடம்பெற வேண்டும்.

இத்திறன் துப்பாக்கியோடு நின்றுவிடுவதும் அன்று. தோட்டப் பட்டறைகளில் தலைமுறைகளாக ரோலர்களையும் உலர்த்திகளையும் செப்பனிட்டு வந்த தமிழ்த் தொழிலாளர்களிடம் நான்கு தாடைச் சக்கும் டயல் கேஜும் கொண்டு அச்சைத் தேடும் அறிவு ஏற்கெனவே உள்ளது. அவ்வறிவு பெரும்பாலும் கைவழியாகவே கடத்தப்பட்டு, எழுத்தில் பதியப்படாமல் இருக்கிறது. அளந்ததைக் குறித்துவைக்கும் வழக்கத்தையும், குறையின் அடையாளத்திலிருந்து காரணத்துக்குச் செல்லும் முறையான சிந்தனையையும் அதனோடு இணைத்துத் தமிழில் பாடமாக்கினால், ஊவாவின் தொழிற்பயிற்சிக்கு அது உறுதியான அடித்தளமாக அமையும்.